நுளம்பு கழுதையான கிழமை

1. வேலையிடத்தில் புதிய பதவி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். அதற்கு ஆங்கிலத்தில் நேர்முகம் இருந்தது.

2. இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றார் அம்மா.

3. இதை எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்றார் என்னோடு வேலை செய்த ஸ்லோவாக்கியப் பெண்.

4. நான் அம்மா சொன்னபடி நடந்தேன்.

5. சனிக்கிழமை லா ஷப்பலில் எனக்குப் பல்வலி வந்தது. அப்போது நான் அங்கே இருக்கவில்லை.

6. திங்கட்கிழமைக்குள் அந்தப் பல்வலி தாடை அறுவைச் சிகிச்சையாக வளர்ந்துவிட்டது.

7. செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது, நேர்முகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள்.

இப்படி எழுதுவது என் தொழில் பழக்கம். பழுது அறிக்கையில் முதலில் நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதவேண்டும், காரணம் பிறகுதான். காரணத்தை முதலில் எழுதினால், நடந்தவற்றை அதற்கு ஏற்றபடி வளைத்துவிடுவோம் என்று படிக்கும்போதே சொல்லித்தந்தார்கள். இனி வருவது காரணம்.

நான் பிரான்சில், ரோய்சி விமான நிலையத்தில் வேலை செய்கிறேன். பயணிகள் ஒப்படைக்கும் பெட்டிகள் சுவருக்குப் பின்னால் போனதும் அவற்றை ஏந்திக்கொண்டு போகும் ஓடுபட்டைகளைப் பராமரிக்கும் குழுவில் மின் தொழில்நுட்பவியலாளர். அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து 2009இல் வந்தோம். அப்பா எங்களுக்கு முன்பே வந்து ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து லா கூர்னெவில்தான் வீடு. வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறும் அவசரத்தில், ஊரில் படித்த கொஞ்ச ஆங்கிலத்தையும் அப்படியே விட்டுவிட்டேன். தொழில்நுட்பப் படிப்பு முழுவதும் பிரெஞ்சில் நடந்தது. ஆங்கிலம் இல்லாத குறை எனக்குத் தெரியவில்லை.

தெரியவந்தது, எங்கள் முனையத்தில் புதிய ஓடுபட்டை வரிசையைப் பொருத்திப் பூட்டும் வேலை ஸ்லோவாக்கியாவில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் போனபோதுதான். அவர்கள் அனுப்பிய பொறியியலாளர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். கட்டையாக வெட்டிய தலைமுடி, மழையோ வெயிலோ ஒரே பச்சை மழைச்சட்டை. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்கு ஸ்லோவாக் தெரியாது. இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில், இருவரும் மரியாதையாகத் தடுமாறினோம்.

கையேட்டு ஆங்கிலத்தில் எனக்குப் பயமில்லை. அதில் நிறுத்து என்றால் நிறுத்து, திருப்பு என்றால் திருப்பு. தொலைபேசியில் வரும் ஆங்கிலம்தான் என்னை விழுத்தியது. ஒரு சின்ன வினைச்சொல், அதற்குப் பின்னால் இன்னும் சின்னதாக ஒரு துண்டு. 'புட் ஒன்' என்றால் உடுப்பது. 'புட் ஒஃப்' என்றால் தள்ளிவைப்பது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. வினையைப் பிடித்துக்கொண்டு நின்றால் துண்டு ஓடிவிடும். ஒருமுறை அவருடைய தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு முழுவதையும் கேட்டுவிட்டு, ஓடுபட்டையை நிறுத்தவேண்டுமா ஓட்டவேண்டுமா என்று தெரியாமல் நின்றேன்.

அவர் அதைக் கவனித்திருக்கவேண்டும். அடுத்த நாள் மூலையில் கம்பி அடித்த ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து தந்தார். தன் ஊரில் மாலை வகுப்பில் கிடைத்ததாம். இடப்பக்கம் ஆங்கிலச் சொற்றொடர்கள், வலப்பக்கம் அவற்றுக்கு நிகரான ஸ்லோவாக்.

"எனக்கு வலப்பக்கம் படிக்கத் தெரியாதே," என்றேன்.

"நான் வாசிக்கிறேன். நீ மூன்றாவதாக உன்னுடையதை எழுது."

அவர் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கியிருந்தார். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் அங்கிருந்து நடக்கும் தூரம். ஆகவே சனிக்கிழமைகளில் அங்கே ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். கடைக்காரி அம்மாவின் நெருங்கிய சிநேகிதி, எனக்கு அன்ரி. இரண்டு பிளேன்டீயும் நாலு ரோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தாள்களை எட்டிப் பார்ப்பார்.

"என்ன பிள்ளை, ரெண்டு பேரும் சோதினைக்குப் படிக்கிறியளோ?"

"இங்கிலீசு அன்ரி."

"பிரான்சிலை இருந்துகொண்டு இங்கிலீசோ? எனக்கு விளங்கீட்டுது. லண்டனுக்கு ஓடப்போறாய். கொம்மாட்டைச் சொல்லட்டோ?"

"ஓம், சொல்லுங்கோ. கட்டணம் அவவைக் கட்டச் சொல்லுங்கோ."

"வாயைப் பார். இந்த வெள்ளைப் பிள்ளைக்கு உறைக்காதோ ரோல்ஸ்?"

உறைத்தது. கண்ணில் நீர் வடிய, அவர் இன்னொன்று கேட்டார். அன்றிலிருந்து அன்ரி அவரைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தாள்கள் இப்படித்தான் போயின. ஆங்கிலத்தில் ஒருவரைக் கேலிக்கு ஏமாற்றுவது என்றால் காலைப் பிடித்து இழுப்பது. ஸ்லோவாக்கில் மூக்கைப் பிடித்து இழுப்பது. தமிழில் காதிலே பூ வைப்பது என்று நான் சொன்னபோது, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன பூ?" என்று கேட்டார். எந்தப் பூவும் வைக்கலாம் என்றேன். ஒன்றும் விளங்காத விஷயத்தை ஆங்கிலேயர் கிரேக்கம் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் சீனம் என்கிறார்கள். இவர்களுக்கு அது ஸ்பானியக் கிராமம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்று நான் மூன்றாம் நிரலில் எழுதினேன். அவர் நான் பெயர்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "உங்கள் ஆட்களுக்கு ஒரு கிராமமாவது கொடுத்திருக்கலாம்," என்றார்.

சுற்றி வளைத்துப் பேசுவதற்கு அவர்களிடம் இருந்தது சூடான கஞ்சியைச் சுற்றி நடப்பது. சின்ன விஷயத்தை ஊதிப் பெருப்பிப்பதற்குக் கொசுவை, எங்கள் பேச்சில் நுளம்பை, கழுதையாக்குவது. அது அவர்களுடைய மொழியில் எதுகையோடு வரும்: கொமாரா, சொமாரா. அன்ரிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கடைக்கு வரும் ஆட்களைப் பார்த்துக் காரணமே இல்லாமல் "கொமாரா சொமாரா" என்பார்.

'கிவ் அப்' என்ற வரி மட்டும் நின்றுபோனது. அதற்கு ஸ்லோவாக்கில் துவக்கை, அதாவது துப்பாக்கியை, வயலுக்குள் எறிவது என்று இருந்தது. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போருக்குள் வளர்ந்த நான் அந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்த்தேன். மூன்றாம் நிரலில் கைவிடுவது என்று எழுதியிருக்கலாம். எழுதாமல் அடுத்த வரிக்குப் போனேன்.

ஒரு நாள் ரயிலில் தனியாக அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு போனபோது, மூன்றாம் நிரலில் நானே எழுதியிருந்தது கண்ணில் பட்டது. பார்த்துக்கொள். எட்டிப்பார். விட்டுக்கொடு. பொறுத்துக்கொள். தள்ளிவை. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் ஒரு துண்டை ஒட்டுகிறது. ஸ்லோவாக் முன்னால் ஒட்டுகிறது என்று அவர் சொல்லியிருந்தார். தமிழ் துணைக்கு இன்னொரு வினையையே கூட்டிக்கொண்டு வருகிறது. இவ்வளவு காலமும் நான் இதே வேலையை யோசிக்காமல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். கொடுப்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு என்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு ஆங்கிலத் துண்டுகள் அவ்வளவு அந்நியமாக இல்லை. திங்கட்கிழமை காலை வந்த அழைப்பில் பாதிக்கு மேல் விளங்கியது.

அந்தத் துணிவில்தான் விண்ணப்பித்தேன். ஸ்லோவாக்கிய நிறுவனத்துக்கும் எங்கள் குழுவுக்கும் இடையே நிரந்தரமாக ஓர் இணைப்பாளர் தேவைப்பட்டார். அவர்களின் ஆட்கள் திரும்பிப் போனபின் வரிசையை முழுதாகப் பொறுப்பெடுப்பவர் அவர்தான். இரவுமுறை இல்லை. முக்கியமாக, கழற்றிப் பூட்டுவதோடு நிற்காமல், அடுத்த வரிசை எப்படி இருக்கவேண்டும் என்று பேசும் மேசையில் ஓர் இடம். அந்த இடத்தை நான் மிகவும் விரும்பினேன். நேர்முகம் செவ்வாய்க்கிழமை. அவர்களின் திட்டத் தலைவர் திரை வழியாகப் பேசுவார். அவருக்கு அந்த ஒரு நாள்தான் ஒழிவு.

வீட்டில் சொன்னேன். அம்மா முதலில் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாதை. கையிலை கிடைச்சாப் பிறகு சொல்லலாம். நாவூறு பொல்லாதது."

"வேலையிடத்திலை கொஞ்சப் பேருக்குத் தெரியும் அம்மா. எங்கடை பொறுப்பாளர் செஃபுக்குத் தெரியும்."

"வெள்ளையள் பரவாயில்லை. லா ஷப்பலிலை மூச்சு விடாதை. அன்ரிக்கும் சொல்லாதை. நான் பிள்ளையாருக்கு மட்டும் சொல்லியிருக்கிறன். கிடைச்சால் தேர் அண்டைக்கு றோட்டிலை தேங்காய் உடைக்கிறதெண்டு நேர்த்தி. அவர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார்."

எங்கள் வீட்டில் இது புதிதல்ல. வதிவிட அட்டையும் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையும் கைக்கு வந்து பல நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தன. லா ஷப்பலில் பல வீடுகளில் அப்படித்தான். சோதனை, கடதாசி, கலியாணம், கர்ப்பம்: முடியும்வரை கதவுக்கு உள்ளே.

வேலையிடத்தில் ஸ்லோவாக்கியப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவருக்கு நம்பமுடியவில்லை. தாளில் ஒரு வரியைக் காட்டினார். நல்லது நடக்கவேண்டும் என்று ஆங்கிலேயர் விரலை விரல்மேல் போடுகிறார்கள். இவர்கள் பெருவிரலை உள்ளே மடித்து, மற்ற விரல்களால் பொத்திப் பிடிக்கிறார்கள். "பெருவிரல் பிடிக்கிறேன்" என்று சொன்னால் போதும், உனக்காக வேண்டுகிறேன் என்று அர்த்தம்.

"சொன்னால்தானே ஆட்கள் பிடிக்கலாம்?" என்றார். "நான் பொறியியல் சோதனை எழுதியபோது எங்கள் தெரு முழுக்கப் பிடித்தது. அம்மா இறைச்சிக் கடையில்கூடச் சொல்லிவைத்தார்."

"எங்கள் தெரு முழுக்க அறிந்தால் அது நடக்காது."

"அப்படியானால் உனக்கு யார் பிடிப்பது?"

"நீங்கள் பிடியுங்கள். பிள்ளையாரும் இருக்கிறார்."

அந்த வரிக்கு மூன்றாம் நிரலில் நேர்த்தி வைப்பது என்று எழுதினேன். சரியான நிகரல்ல என்று தெரிந்துதான் எழுதினேன்.

சனிக்கிழமை எனக்கு வேலைமுறை. அம்மா மட்டும் லா ஷப்பல் போனார். அன்ரி கடையில் நடந்ததை, பின்னர் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒழுங்குபடுத்தினேன்.

"செவ்வாய்க்கிழமை கோயிலிலை எங்கடை பூசை," என்றார் அன்ரி. "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவளுக்கு அண்டைக்கு வரேலாது. ஒரு ரொந்தேவு."

நேரம் குறித்த சந்திப்பைச் சொல்லும் ரொந்தேவு என்ற பிரெஞ்சுச் சொல் எங்கள் ஆட்களிடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்: வைத்தியர், அரச அலுவலகம், வழக்கறிஞர், வங்கி. அன்ரி அதை அப்படியே விடுகிற ஆள் இல்லை.

"என்ன ரொந்தேவு? ஆரும் பாக்க வருகினமோ? எனக்குச் சொல்லாமல் மாப்பிள்ளை பாக்கிறியளோ?"

மாப்பிள்ளை என்ற சொல் கடைக்குள் விழுந்ததும் நாலு தலை திரும்பியிருக்கவேண்டும். அம்மா பயந்துபோனார்.

"சீச்சீ. பல்லு. கடைவாய்ப் பல்லு."

அவ்வளவுதான் அம்மா சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஓர் அண்ணை ரோல்ஸ் வாங்க வந்தார். கூசேன்விலில் இருக்கிறார், எங்கள் முனையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. குறுங்கால ஒப்பந்தத்தில் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படுகிறவர். என்னைக் கண்டால், "என்ன தங்கச்சி, எங்களுக்கு பெல்ட்டைக் கொஞ்சம் மெதுவா ஓடவிடுங்கோவன்," என்பார். அவரிடம் அன்ரி பல்லைச் சொன்னார்.

"கடைவாய்ப் பல்லோ? அது லேசில்லை அன்ரி. என்ரை மச்சானுக்குத் தாடையை வெட்டித்தான் எடுத்தவங்கள். ரெண்டு கிழமை வாய் திறக்கேலாமல் கிடந்தவன்."

"ஐயோ. அதுதான் தாய் முகம் ஒரு மாதிரி இருந்தது."

திங்கட்கிழமை அண்ணை எங்கள் குழுவின் பொறுப்பாளரைக் கண்டார். எல்லோரும் அவரை செஃப் என்போம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குத் தாடையில் அறுவைச் சிகிச்சை, வேலை போய்விடும் என்று பயத்தில் மறைக்கிறாள், அவளை இரண்டு கிழமைக்குப் பேசவைக்காதீர்கள் என்று தன் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார். செஃப் நல்ல மனிதர். உடல்நலம் பற்றி ஒருவரிடம் நேரே கேட்பது இந்த நாட்டில் நாகரிகமில்லை. ஆகவே என்னைக் கேட்காமல் ஆளணிப் பிரிவுக்கு அழைத்து, என் நேர்முகத்தை நீக்கச் சொன்னார். நான் அன்று முழுவதும் வேறொரு முனையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மோட்டாரோடு இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே போனதும், செஃப் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இங்கே என்ன செய்கிறாய்? மருத்துவமனைக்குப் போ!"

"எந்த மருத்துவமனைக்கு?"

"பேசாதே, பேசாதே." தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு எல்லாம் தெரியும். வேலை எங்கும் ஓடாது. நேர்முகத்தை ரத்துச் செய்துவிட்டேன். நீ நிம்மதியாகப் போய்ச் செய்துகொள்."

ஸ்லோவாக்கியப் பெண் தன் மேசையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் பெருவிரல்கள் உள்ளே மடிந்திருந்தன. பிரெஞ்சு விளங்காததால் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, வலி மாறிவிட்டது என்று சொல்வது. அப்படிச் சொன்னால் சிகிச்சையைத் தவிர்க்கிறேன் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இரண்டு, அந்த அண்ணை பிழையாகச் சொல்லிவிட்டார் என்பது. அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கும்போது, பொய் சொல்கிறவர் என்று செஃப் ஒரு சொல் சொன்னால் போதும். மூன்று, நடந்ததைச் சொல்வது. சொன்னால் அம்மா பொய் சொன்னவராகிவிடுவார். பேசாமல் திரும்பிப் போகவும் ஒரு கணம் தோன்றியது. அப்போது எழுதாமல் விட்ட வரி நினைவுக்கு வந்தது. என்னிடம் எறிவதற்குத் துவக்கும் இல்லை, ஓடுவதற்கு வயலும் இல்லை. இருந்தது ஒரு நேர்முகம். அதைக் கைவிட எனக்கு விருப்பமில்லை.

"எனக்குச் சிகிச்சை எதுவும் இல்லை," என்றேன். "பல்லும் வலிக்கவில்லை. நல்ல விஷயத்தை முடியுமுன் வெளியே சொன்னால் கெட்டுப்போகும் என்பது எங்கள் வழக்கம். நேர்முகத்தை மறைக்க அம்மா ஒரு சாட்டுச் சொன்னார். அந்த அண்ணை அதை நம்பி, எனக்கு உதவத்தான் உங்களிடம் வந்தார். எனக்கு அந்த நேர்முகம் வேண்டும்."

செஃப் என் தாடையையே பார்த்தார்.

"ஒரு பல்லும் இல்லையா?"

"எல்லாப் பல்லும் இருக்கின்றன."

அவர் சிரிக்கவில்லை. "நாங்கள் வீடு வாங்கும்போது," என்றார், "கையெழுத்தாகும்வரை என் மனைவி தன் அக்காவுக்கே சொல்லவில்லை." பிறகு ஆளணிப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தார். என் நேரத்தை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். செஃப் தன் பிழை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில், எல்லோரும் முடிந்தபின், திட்டத் தலைவர் இருக்கச் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார்கள். நான் நடந்ததை ஆங்கிலத்தில் விளக்கியதும், ஸ்லோவாக்கியப் பெண் வெளியே போய்த் தன் மொழியில் எவருக்கோ நீண்ட அழைப்பு ஒன்று எடுத்தார். திரும்பி வந்து, "இருப்பார்," என்றார்.

பின்னேரம்வரை பட்டறையில் அவர் சும்மா இருக்கவில்லை. எல்லோருக்கும் பெருவிரல் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். ஒருவர் அப்படிப் பிடித்துக்கொண்டே கோப்பி குடிக்க முயன்று, கோப்பி சட்டையில் வடிந்தது. அண்ணையையும் தேடிப் போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"தங்கச்சி, நான் நல்லதுக்கெண்டுதான்..."

"தெரியும் அண்ணை. செஃபுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

"சத்தியமா இனி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன்." பிறகு மெதுவாக, "அப்ப, இது என்ன வேலையாம்? பெல்ட்டை மெதுவா ஓடவிடுற பொறுப்போ?" என்றார்.

நேர்முகத்தில் திரையில் தெரிந்த திட்டத் தலைவர் நரைத்த மீசையோடு களைத்துப்போய் இருந்தார். பக்கத்தில் ஆளணிப் பிரிவின் பெண். முதல் கேள்வி ஆங்கிலத்தில் என் தாடையைப் பற்றித்தான். நான் ஆயத்தப்படுத்தி வந்தது சென்சர்கள் பற்றியும் கையளிப்பு முறை பற்றியும். அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, பல்லின் கதையைத் தொடங்கினேன். அம்மா அதை 'மேட் அப்', இட்டுக்கட்டினார்; மற்றவர்கள் 'பாஸ்ட் ஒன்', கைமாற்றினார்கள்; செஃப் நேர்முகத்தை 'கோல்ட் ஒஃப்', ரத்துச் செய்தார். இடையில் ஒரு சொல் வராமல் நின்றுவிட்டேன். ஊதிப் பெருப்பிப்பதற்கு ஆங்கிலத்தில் இருந்தது மறந்துபோனது. தாளின் இடப்பக்கம் வெறுமை. வலப்பக்கம்தான் கண்முன் நின்றது.

"உங்கள் மொழியில் சொல்வதுபோல, நுளம்பைக் கழுதையாக்கிவிட்டார்கள்," என்றேன். கொமாரா, சொமாரா என்று அன்ரியின் உச்சரிப்பிலேயே சொன்னேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசைக்குக் கீழே சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். அதன்பின் உண்மையான கேள்விகள் வந்தன: நடுராத்திரியில் பட்டை சிக்கினால் யாருக்கு முதலில் சொல்வாய், உங்கள் ஆட்கள் ஒன்று சொல்லி எங்கள் ஆட்கள் வேறொன்று சொன்னால் என்ன செய்வாய். சிலவற்றுக்கு நன்றாகச் சொன்னேன். ஒன்றுக்குப் பாதியில் பிரெஞ்சு வந்து விழுந்தது. கடைசிக் கேள்விக்கு, "முதலில் என்ன நடந்தது என்று இரண்டு பக்கத்தையும் எழுதச் சொல்வேன், காரணம் பிறகு," என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்ததும் கஞ்சி மணம். மேசை நடுவில் ஒரு பெரிய அடுக்குச் சட்டி. ஒரு பக்கம் அன்ரி, மறுபக்கம் அம்மா. பூசை முடிந்த கையோடு, வாய் திறக்கமுடியாத பிள்ளைக்கென்று கடையைப் பூட்டிவிட்டு, ரயிலில் ஆவி பறக்கக் கொண்டுவந்திருந்தார் அன்ரி. அம்மா அந்தச் சட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்: கோப்பை எடுக்க, கரண்டி எடுக்க, யன்னலைத் திறக்க. வேறு ஒரு சமயமென்றால் ஸ்லோவாக்கியப் பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பியிருப்பேன்.

"வா பிள்ளை. கதையாதை. இரு," என்றார் அன்ரி.

நான் இருந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மேசையில் இருந்த முறுக்கை எடுத்துக் கடித்தேன். அந்தச் சத்தம் மூவருக்கும் கேட்டது.

"அன்ரி," என்றேன், "எனக்குப் பல்லு வருத்தம் ஒண்டுமில்லை. இண்டைக்கு ஒரு வேலைக்கு நேர்முகம். அதுதான் மறைச்சது."

அன்ரி அம்மாவைத்தான் பார்த்தார். "எனக்குமோ?"

அம்மா கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தார்.

"கடை திறந்த நாளிலை இருந்து வாறியள். என்ரை மகளின்ரை கலியாணத்துக்குத் தாலி எடுக்க நீங்கள்தானே வந்தனீங்கள். நான் நாவூறு படுத்துவனோ?"

"உங்களை இல்லை," என்றார் அம்மா. சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "ஊரிலை முதல்தரம் விசா சரியெண்டு சொன்ன அண்டைக்கு, நான் ஒழுங்கை முழுக்கக் கற்கண்டு குடுத்தனான். பிறகு ஒரு கடதாசி குறையுதெண்டாங்கள். அது வந்து சேர முன்னம் சண்டை துவங்கிப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். குடுத்த வீடுகளுக்கு முன்னாலை எத்தினை வருசம் நடந்தனான் தெரியுமோ? இவளையும் கையிலை பிடிச்சுக்கொண்டு."

இதை நான் அதுவரை கேட்டதில்லை. கற்கண்டு நினைவிருந்தது. எதற்கென்று தெரியாமல் இருந்தது.

அன்ரி கஞ்சியை அகப்பையால் கலக்கினார். "ஆறப்போகுது. குடியுங்கோ," என்றார். நான் குடித்துக்கொண்டே, பெருவிரல் பிடித்தது உட்பட, பகலில் நடந்ததைச் சொன்னேன். அன்ரி என் பக்கம் திரும்பி, "அந்த வெள்ளைப் பிள்ளை விரலை எப்பிடிப் பிடிக்கிறது எண்டவள்?"

காட்டினேன். அன்ரி பிடித்துப் பார்த்தார். பிடித்தபடி அகப்பையைத் தூக்க முடியவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த நாள் லா ஷப்பல் முழுக்க அறிந்துவிட்டது. அன்ரி சொல்லவில்லை என்று அன்ரி சொல்கிறார், அண்ணை தான் இல்லை என்கிறார். தேங்காய்க் கடையில், மருந்துக் கடையில், ரயில் நிலைய வாசலில் என்று அந்தக் கிழமை யாரைப் பார்த்தாலும் கையைப் பொத்திக் காட்டினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். ஆனால் வேறு பாதையால் போகவில்லை.

பத்து நாட்போல் கழித்து செஃப் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

இன்றைய நிலை இது. பதவி எனக்குக் கிடைத்தது, ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு. அதில் பாதி முடிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இன்னும் தடுமாறுகிறேன்; அழைப்புகளில் இப்போது திரும்பக் கேட்கிறேன். ஸ்லோவாக்கியப் பெண் ஊருக்குத் திரும்பிவிட்டார், வெள்ளிக்கிழமைகளில் பேசுகிறோம். அண்ணையின் ஒப்பந்தம் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. 'கிவ் அப்' வரிக்கு எதிரே கைவிடுவது என்று எழுதிவிட்டேன். தேங்காயைத் தேரன்றே உடைப்பதா, பதவி நிரந்தரமாகும்வரை பொறுப்பதா என்று அம்மாவும் அன்ரியும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. தேங்காய் வாங்கியாயிற்று.